ஹாரன் அடிக்கிற லாரிக்காக வேகத்தைக் கூட்ட வேண்டுமா?

கேள்வி: செங்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். புனலூரில் ஒரு மருத்துவமனையில் லேப் டெக்னீஷியனாக இருக்கிறேன். இத்தனை வருஷமாகப் பஸ்ஸில்தான் போய் வந்தேன். இப்போது லைசென்ஸ் எடுத்து, பழைய கார் ஒன்றும் வாங்கியாயிற்று. ஊருக்குள்ளும் தென்காசி வரைக்கும் தைரியமாக ஓட்டுகிறேன். புளியரை தாண்டி மலை ரோட்டில் ஏறினால் கை நடுங்குகிறது. பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடித்தால் என்ன செய்வதென்றே தெரியவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வரும் என் அண்ணன், "பயந்து பயந்து ஓட்டினாத்தான் ஆபத்து, ஸ்பீடா போனா பயம் தானா போயிரும்" என்கிறான். மழைக்காலம் வேறு வருகிறது. சில வாரம் நைட் ட்யூட்டியும் உண்டு. தனியாக ஓட்டிப் போகலாமா? பழகுவதற்கு எவ்வளவு நாள் ஆகும்? லைசென்ஸ் வந்த பிறகும் எல் போர்டு வைத்துக்கொள்ளலாமா?

பதில் (தென்காசி வட்டாரத்தில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துபவர்):

உங்கள் அண்ணன் சொன்னதில் பாதி சரி. பதறிக்கொண்டு ஓட்டுவது ஆபத்துதான். ஆனால் வேகமாகப் போனால் பதற்றம் போகாது, யோசிக்கக் கிடைக்கிற நேரம்தான் போகும். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் போகிற கார் ஒரு நொடியில் 11 மீட்டர் ஓடுகிறது. 60-இல் போனால் கிட்டத்தட்ட 17 மீட்டர். எதிரில் ஒன்றைப் பார்த்து, மூளைக்கு எட்டி, கால் பிரேக்குக்குப் போவதற்கே ஒரு நொடிக்கு மேல் ஆகும். அந்த நேரம் முழுக்க வண்டி அதே வேகத்தில்தான் ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு அப்புறம்தான் பிரேக் வேலையைத் தொடங்கும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கத் தேவைப்படும் தூரம் நான்கு மடங்காகிவிடும். அண்ணனிடம் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள்.

உங்கள் கை நடுங்குவதற்குக் காரணம் மலை இல்லை என்று நினைக்கிறேன். புதிதாக ஓட்டுகிறவர்கள் பெரும்பாலும் நாலாவது கியரில் அப்படியே வளைவுக்குள் போய்விடுகிறார்கள். உள்ளே போன பிறகுதான் வளைவு எவ்வளவு ஒடிகிறது என்று தெரிகிறது. அதே நேரத்தில் எதிரில் லாரியின் முகம் தெரிகிறது. உடனே பிரேக், கிளட்ச், கியர், ஸ்டீயரிங், ஹாரன் எல்லாம் ஒன்றாக வேண்டியிருக்கிறது. இரண்டு கையும் இரண்டு காலும் உள்ள யாருக்கும் அது நடுங்கத்தான் செய்யும். இவற்றில் ஸ்டீயரிங்கைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வளைவு வருவதற்கு முன்பே, நேரான ரோட்டிலேயே முடித்துவிடலாம். வேகத்தைக் குறையுங்கள், கியரைக் குறையுங்கள், முனை தெரியாத வளைவானால் ஒரு ஹாரன் கொடுங்கள். அப்புறம் உள்ளே போனால் ஸ்டீயரிங்கைத் திருப்புவது ஒன்றுதான் பாக்கி. வளைவு முடிந்து முன்னால் ரோடு நன்றாகத் தெரிந்ததும் வேகம் கொடுங்கள். நான் இந்தக் கடிதத்தில் வேறு என்ன எழுதினாலும் இந்த ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லப் போகிறேன்.

இதைப் படிக்க உங்களுக்கு ஒரு நல்ல பள்ளிக்கூடம் இருக்கிறது. வருஷக்கணக்காகப் போய் வந்த அதே பஸ்தான். அடுத்த முறை புனலூர் பஸ்ஸில் டிரைவர் தெரிகிற மாதிரி முன் சீட்டில் உட்காருங்கள். போனை பையில் வைத்துவிட்டு எஞ்சின் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டு வாருங்கள். நல்ல டிரைவராக இருந்தால் வளைவுக்கு முன்பே கியர் இறங்குகிற சத்தம் கேட்கும். வளைவுக்குள் பஸ் ஒரே சீராகத் திரும்பும், நீங்கள் முன்னால் கவிழ மாட்டீர்கள். எந்த வளைவில் அவர் எங்கே ஹாரன் அடிக்கிறார், எங்கே ஒதுங்கி நின்று எதிர் வண்டியை விடுகிறார் என்பதையும் கவனியுங்கள். காசு கொடுத்து எங்களிடம் வந்து கற்பதைவிட இது லாபம்; எங்கள் தொழிலுக்கு நஷ்டம் என்றாலும் சொல்கிறேன்.

பயிற்சிப் பள்ளிகளைப் பற்றி இன்னொரு விஷயமும் சொல்லிவிடுகிறேன். எங்கள் கார்களில் பயிற்சியாளர் காலடியிலும் ஒரு பிரேக், ஒரு கிளட்ச் இருக்கும். நீங்கள் தடுமாறுகிற நேரத்தில் நாங்கள் சத்தமில்லாமல் அழுத்திவிடுவோம். அதனால் லைசென்ஸ் வாங்கிய பலர் ஒருமுறைகூடத் தாங்களே முழு பலத்தோடு பிரேக் பிடித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். மலைக்குப் போவதற்கு முன் ஆள் நடமாட்டமே இல்லாத ஒரு திறந்த இடத்தில், பின்னால் வண்டி எதுவும் இல்லாதபோது, 30-இல் போய் முழுப் பலத்தோடு பிரேக்கை மிதித்துப் பாருங்கள். காரில் ஏபிஎஸ் (சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கிற பிரேக் அமைப்பு) இருந்தால் பெடல் காலுக்கடியில் அதிரும், கடகடவென்று சத்தம் வரும். பயந்து காலை எடுத்துவிடாதீர்கள், அது வேலை செய்கிறது என்று அர்த்தம். அழுத்திய காலை எடுக்காமல் ஸ்டீயரிங்கைத் திருப்பினால் வண்டி திரும்பும். உங்கள் கார் பழையது என்கிறீர்கள், அதனால் ஏபிஎஸ் இருக்கிறதா என்று மெக்கானிக்கிடம் கேட்டுவிடுங்கள். இல்லாத காரில் ஓங்கி மிதித்தால் சக்கரம் பூட்டிக்கொண்டு வழுக்கும், அப்போது ஸ்டீயரிங் பேச்சைக் கேட்காது. பெடலைக் கொஞ்சம் விட்டு, சக்கரம் உருளத் தொடங்கியதும் மறுபடி அழுத்த வேண்டும். டயரையும் அவரிடமே காட்டுங்கள். காருக்குக் குறைந்தது 1.6 மில்லிமீட்டர் பட்டன் இருக்க வேண்டும் என்பது விதி. மழையில் மலை ஏறுகிறவருக்கு அது போதாது என்பது என் கட்சி.

சரி, லாரிக்கு வருவோம்.

நம் பக்கத்திலிருந்து கேரளாவுக்கு ஜல்லி, எம்-சாண்ட், காய்கறி, வைக்கோல் என்று லோடு வண்டிகள் போகின்றன. திரும்பி வருவது பெரும்பாலும் காலி வண்டி. ஆகவே புளியரையிலிருந்து மேலே ஏறும்போது உங்களுக்கு முன்னால் போகிறவர் மூச்சு வாங்கிக்கொண்டு ஊர்ந்து போவார், எதிரில் இறங்கி வருகிறவர் லேசான வண்டியில் விரைந்து வருவார். அந்த எஸ் வளைவுப் பக்கம் நீங்கள் கவனித்திருப்பீர்கள், நீளமான லாரியால் தன் பக்கத்துக்குள்ளேயே திரும்ப முடியாது. பின் சக்கரம் உள்பக்கமாக இழுத்துக்கொண்டு வரும் என்பதால் முன் பக்கத்தை அகலமாக எடுத்து, நடுக்கோட்டைத் தாண்டி உங்கள் பக்கத்துக்கு வந்துதான் திரும்புவார். அவர்மேல் கோபப்பட ஒன்றும் இல்லை, வண்டியின் நீளம் அப்படி. வளைவுக்குள் லாரி நுழைவது தெரிந்தால் நீங்கள் வளைவுக்கு வெளியிலேயே, இடது ஓரமாக நின்றுவிடுங்கள். அவர் திரும்பி முடித்து வெளியே வந்த பிறகு போங்கள். உள்ளே போய் அவரோடு இடத்தைப் பங்கு போட்டால், அவருடைய பின் சக்கரத்துக்கும் தடுப்புச் சுவருக்கும் நடுவில் மாட்டிக்கொள்வது நீங்கள்தான்.

ஏறுகிறவருக்கு இறங்குகிறவர் வழிவிட வேண்டும் என்பது பழைய வழக்கம். 2017-இல் வந்த மோட்டார் வாகன ஓட்டுதல் விதிமுறைகளும் அதையே சொல்கின்றன: மலை ரோட்டில் இரண்டு வண்டி போக இடம் போதாத இடத்தில் ஏறி வருகிற வண்டிக்குத்தான் முன்னுரிமை. நீங்கள் இறங்கும்போது இதை மறக்காமல் கடைப்பிடியுங்கள். ஏறும்போது எதிரில் வருகிறவரும் கடைப்பிடிப்பார் என்று மட்டும் நம்பிவிடாதீர்கள்.

முன்னால் ஊர்கிற லோடு லாரிக்குப் பின்னால் எவ்வளவு இடைவெளி விடுவது? ஓடிக்கொண்டிருக்கும்போது அந்த லாரி ஒரு மைல்கல்லைத் தாண்டியதும் நிதானமாக ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுங்கள். மூன்று முடிந்த பிறகு நீங்கள் அந்தக் கல்லுக்கு வர வேண்டும். மழையானால் ஐந்து வரை எண்ணுங்கள். லாரியின் பக்கக் கண்ணாடி உங்களுக்குத் தெரியவில்லை என்றால், லாரிக்காரருக்கு நீங்கள் தெரியவில்லை. ஏற்றத்தில் நெரிசலில் நிற்க வேண்டி வந்தால், அவருடைய பின் டயர் தரையைத் தொடுகிற இடம் உங்களுக்குத் தெரிகிற அளவு தள்ளியே நில்லுங்கள். லோடோடு கிளம்பும்போது அவர் கொஞ்சம் பின்னால் வருவார். நீங்களும்தான். ஹேண்ட் பிரேக்கைப் போட்டுக்கொண்டு, கிளட்ச்சை மெதுவாக விட்டு, வண்டியின் மூக்கு லேசாகத் தூக்குகிற நேரத்தில் ஹேண்ட் பிரேக்கை இறக்குவதுதான் முறை. இதை ஊர்ப்பக்கம் ஏதாவது ஒரு பாலத்து ஏற்றத்தில் அலுக்கும் வரை செய்து பாருங்கள். அரைக் கிளட்ச்சில் வண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பவர்களுக்குக் கிளட்ச் பிளேட் செலவு சீக்கிரம் வரும்.

முந்துவதைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. நல்லது, இப்போதைக்குக் கேட்கவும் வேண்டாம். அந்த வளைவுகள் மொத்தமே சில கிலோமீட்டர்தான், லாரிக்குப் பின்னாலேயே போனால் சில நிமிஷம் தாமதம் ஆகும். லாரிக்காரர் கையைக் காட்டியோ இண்டிகேட்டர் போட்டோ "போ" என்று சொன்னாலும் அதை நம்பிப் போகாதீர்கள். ஒருவர் வலது இண்டிகேட்டரை "முந்தாதே" என்று போடுவார், இன்னொருவர் நிஜமாகவே வலது பக்கம் திரும்புவதற்குப் போடுவார். ரோடு காலியாக இருப்பதை உங்கள் கண் பார்க்க வேண்டும்.

இனி ஹாரன். பின்னால் இருப்பவர் ஹாரன் அடிப்பது அவருடைய அவசரம். உங்களைத் திட்டுகிறார் என்று எடுத்துக்கொள்ளவே வேண்டாம், பாதிப் பேர் பழக்கத்தில் அடிக்கிறார்கள். அதற்காக வேகத்தைக் கூட்டினால் அடுத்த வளைவு உங்களுக்குத் தெரிவதற்கு முன்பே வந்துவிடும். சட்டென்று ஓரம் ஒடித்து மண்ணில் இறக்குவதும் தப்பு. கேரளப் பக்கம் பல இடத்தில் ரோட்டு ஓரம் குறுகல், தாரின் விளிம்பு வெட்டிவிட்ட மாதிரி இறங்கும். நீங்கள் போகிற வேகத்திலேயே, உங்கள் கோட்டிலேயே போங்கள். அகலமான நேர் ரோடு வந்ததும் இடது இண்டிகேட்டர் போட்டு, வேகத்தைக் குறைத்து, இடது பக்கம் சாய்ந்து கொடுங்கள். அவரே போய்விடுவார். மெதுவாகப் போகிற கார் யாருக்கும் ஆபத்து இல்லை. அடுத்து என்ன செய்யும் என்று மற்றவர்களால் ஊகிக்க முடியாத கார்தான் ஆபத்து. நாலு இண்டிகேட்டரையும் போட்டுக்கொண்டு மழையில் ஓட்டுகிறார்களே, அவர்களைத்தான் சொல்கிறேன். அவர் எந்தப் பக்கம் திரும்புவார் என்று பின்னால் வருகிறவருக்கு எப்படித் தெரியும்?

ஆரியங்காவு தாண்டினால் கதை மாறும். கழுதுருட்டி, தென்மலை என்று புனலூர் வரைக்கும் பெரும்பாலும் இறக்கம். ஏறுவதைவிட இதில்தான் கவனம் அதிகம் வேண்டும், ஏனென்றால் வண்டி கேட்காமலே ஓடும், நமக்கும் சுகமாக இருக்கும். எந்த கியரில் ஏறுவீர்களோ அதே கியரில் இறங்குங்கள். மூன்றிலோ, செங்குத்தான இடத்தில் இரண்டிலோ போட்டு ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் எஞ்சினே வண்டியைப் பிடித்து வைக்கும். பிரேக்கை எப்போதாவது அழுத்தி, வேகம் குறைந்ததும் விட்டுவிடலாம். கால் பிரேக்கிலேயே தொங்கிக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். பிரேக் ஆயிலும் கொதித்தால் பெடல் பஞ்சு மாதிரி இறங்கும். கருகல் வாடை வந்தாலோ பெடல் மெத்தென்று ஆனாலோ உடனே கியரைக் குறைத்து, இடம் பார்த்து ஒதுக்கி நிறுத்தி ஆறவிடுங்கள். சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

நியூட்ரலில் விட்டால் பெட்ரோல் மிச்சம் என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். கார்பரேட்டர் காலத்துப் பேச்சு அது. இப்போதைய எஞ்சினில் கியரில் இருந்தபடி காலை எடுத்தால் பெட்ரோல் போவதே நின்றுவிடும், நியூட்ரலில்தான் எஞ்சின் அணையாமல் இருக்கக் கொஞ்சம் குடிக்கும். எஞ்சினையே அணைத்துவிட்டு இறங்குகிற மகானுபாவர்களும் உண்டு. அணைத்த பிறகு இரண்டு மூன்று முறை மிதித்தால் பிரேக் கல்லாகிவிடும், ஸ்டீயரிங்கும் இறுகிவிடும்.

மழைக்கு வருகிறேன். தென்மேற்குப் பருவத்தில் நம் பக்கம் சாரலும் காற்றுமாக இருக்கும், ரோடு பல நேரம் காய்ந்தே கிடக்கும். ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டினால் அந்தப் பக்கம் கொட்டிக்கொண்டிருக்கும். காய்ந்த ரோட்டு வேகத்திலேயே ஈர ரோட்டுக்குள் போய்விடுவதுதான் நம் ஆட்களுக்கு நடக்கிற விபரீதம். எதிரில் வருகிற வண்டிகளைப் பாருங்கள். வைப்பர் ஓடிக்கொண்டிருந்தால், ஹெட்லைட் எரிந்தால், அங்கே மழை. வேகத்தை இங்கேயே குறைத்துவிடுங்கள். பல நாள் கழித்துப் பெய்கிற மழையின் முதல் சில நிமிஷம் இன்னும் மோசம், ரோட்டில் படிந்த எண்ணெயும் தூசியும் குழைந்து வழுக்கும். தேங்கிய தண்ணீரில் ஸ்டீயரிங் திடீரென்று லேசாகிப் போனால் டயர் தண்ணீர்மேல் மிதக்கிறது. பிரேக்கைத் தொடாமல், ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்து, ஆக்சிலரேட்டரை மட்டும் விடுங்கள், டயர் மறுபடி ரோட்டைப் பிடிக்கும். பனிமூட்டத்தில் ஹெட்லைட் டிம்மில்தான் இருக்க வேண்டும். பிரைட் போட்டால் வெளிச்சம் பனியில் பட்டு உங்கள் கண்ணுக்கே திரும்பி வரும். எதிர் வண்டியின் பிரைட் கண்ணைக் கூசினால் அதைப் பார்க்காமல் இடது ஓர வெள்ளைக் கோட்டைப் பார்த்துக்கொண்டு மெதுவாகப் போங்கள்.

நைட் ட்யூட்டி விஷயத்தில் மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். இரவெல்லாம் விழித்த காலையில் இந்த ஏறக்குறைய ஐம்பது கிலோமீட்டரை நீங்கள் ஓட்டக் கூடாது. டீ குடித்தாலும், கண்ணாடியை இறக்கிவிட்டாலும் தூக்கம் போகாது. 60 வேகத்தில் மூன்று நொடி கண் அயர்ந்தால் 50 மீட்டர் யாரும் ஓட்டாமல் கார் போகும், மலை ரோட்டில் 50 மீட்டருக்குள் ஒரு வளைவு வராமல் இருக்காது. நைட் ட்யூட்டி வாரத்தில் பஸ்ஸிலோ ரயிலிலோ போய் வாருங்கள். கார் வீட்டிலேயே நிற்கட்டும். முடியாது என்றால் மருத்துவமனையிலேயே சில மணி நேரம் படுத்துத் தூங்கிவிட்டுக் கிளம்புங்கள். கார்த்திகை, மார்கழியில் ஐயப்பன் சீசனில் இதே ரோட்டில் விடிய விடிய ஓட்டி வந்த வெளியூர் வேன்கள் வரும். அந்த டிரைவர்களும் தூக்கத்தில் இருக்கலாம். அந்த இரண்டு மாதம் காலை வேளைகளில் கூடுதலாக ஒதுங்கியே ஓட்டுங்கள். ஆரியங்காவு கோயில் பக்கம் ஆட்கள் ரோட்டைக் கடந்துகொண்டே இருப்பார்கள்.

சின்ன விஷயங்கள் சில. தண்ணீர் பாட்டில், ஈரக் குடை, கழற்றிய செருப்பு எதுவும் உங்கள் காலடியில் இருக்கக் கூடாது, உருண்டு பிரேக் பெடலுக்கு அடியில் போய் மாட்டினால் கதை முடிந்தது. துப்பட்டா நுனி கதவில் மாட்டாமல் பாருங்கள். பெல்ட் போடுவதை பின் சீட்டில் இருப்பவர்களுக்கும் சேர்த்தே சட்டம் சொல்கிறது. கேரளாவில் 2023 ஜூனிலிருந்து ஏஐ கேமராக்களை வைத்து அபராதம் போடுகிறார்கள். பெல்ட் போடாததும் போன் பேசுவதும் அதில் விழும், தமிழ்நாட்டு நம்பர் என்று விட மாட்டார்கள். ஆர்.சி. பதிவில் உங்கள் போன் நம்பர் சரியாக மாறியிருக்கிறதா என்று பாருங்கள், பழைய கார் வாங்கியவர்கள் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். கழுதுருட்டிப் பக்கம் இருக்கிற பழைய ரயில் பாலமான பதிமூன்று கண் பாலத்தைப் பார்க்கப் பலர் காரை ரோட்டிலேயே போட்டுவிட்டு இறங்குவார்கள். அங்கே காலியான ரோடு என்று நினைத்துக்கொண்டு போகாதீர்கள்.

எவ்வளவு நாள் ஆகும் என்று கேட்டீர்கள். நாள் கணக்கு சொல்ல மாட்டேன், படி கணக்கு சொல்கிறேன். முதலில் புளியரை செக்போஸ்ட் வரை போய்த் திரும்புங்கள். அது சலிப்பாகத் தோன்றத் தொடங்கியதும் ஆரியங்காவு வரை. அதுவும் சலித்ததும் தென்மலை. அப்புறம் புனலூர். எல்லாம் பகலில், மழை இல்லாத நேரத்தில், வார நாளில். குற்றால சீசனில் ஞாயிற்றுக்கிழமை இந்த வட்டாரத்தில் கார் பழகுவது யாருக்கும் நல்லதில்லை. பகலில் புனலூர் வரை பதறாமல் போய் வந்த பிறகுதான் மழை, அதற்குப் பிறகுதான் இருட்டு. ஒரு நாள் கை நடுங்கினால் முந்தின படிக்கு இறங்கிவிடுங்கள், யாரும் மார்க் போடப் போவதில்லை.

அண்ணனை என்ன செய்வது? துணைக்கு ஆள் வேண்டும்தான், ஆனால் "பிரேக் பிடி, பிரேக் பிடி" என்று கத்துகிற துணை வேண்டாம். கிளம்புவதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்: ரோட்டில் இருப்பதைச் சொல்லலாம், என் காலும் கையும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லக் கூடாது. "எதிரில் பஸ்" என்றால் உதவி. "ஒடி, ஒடி" என்றால் தொல்லை. அவருக்கு அது முடியாது என்றால் பின் சீட்டில் உட்கார வையுங்கள், பெல்ட்டோடு.

எல் போர்டு பழகுநர் உரிமம் வைத்திருப்பவர்களுக்குத்தான் கட்டாயம், உங்களுக்குத் தேவை இல்லை. அதற்குப் பதில் "புதிய ஓட்டுநர்" என்று ஒரு ஸ்டிக்கர் பின்னால் ஒட்டிக்கொள்ளுங்கள், கூச்சப்படாதீர்கள். லாரிக்காரர்கள் அதைப் பார்த்தால் கொஞ்சம் விட்டுக்கொடுப்பார்கள். தமிழோடு மலையாளத்திலும் எழுதி ஒட்டினால் இன்னும் நல்லது. பின் கண்ணாடியில் ஒட்ட வேண்டாம், உங்கள் பார்வையை மறைக்கும். நம்பர் பிளேட்டுக்கு மேலே, டிக்கி கதவில் ஒட்டுங்கள்.